ஆலன் பேஜின் தடத்தில்: கேன்டன் முதல் செயின்ட் பால் வரை

கேன்டனை நெருங்கும்போதே நெடுஞ்சாலை ஓரத்தில் கால்பந்துப் புகழ் மண்டபத்தின் கூரை தெரிந்துவிடும். அமெரிக்கக் கால்பந்தின் கூர்முனை போல எழுப்பியிருக்கிறார்கள். ஒஹாயோ மாநிலத்தின் இந்த எஃகு ஊரில்தான் 1920 செப்டம்பர் 17 அன்று, ஹப்மொபைல் கார் விற்கும் கடை ஒன்றில் சில அணிகளின் ஆட்கள் கூடினார்கள். உட்கார நாற்காலி போதாமல், நிறுத்தியிருந்த கார்களின் படிப்பலகையில் சிலர் உட்கார்ந்துகொண்டார்கள். அன்று அவர்கள் தொடங்கிய சங்கம்தான் இன்று என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்து லீக்) என்ற பெயரில் கோடானுகோடி டாலர் புரளும் தொழிலாக நிற்கிறது. அந்த நாளை முன்னிட்டுத்தான் 1963-ல் இந்த ஊரிலேயே புகழ் மண்டபத்தைத் திறந்தார்கள்.

உள்ளே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. நான் போனது ஒரே ஒருவருக்காக. ஆலன் பேஜ். பதினைந்து பருவங்கள் தற்காப்பு அணியின் முன்வரிசையில் ஆடியவர். ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டம் படித்து முடித்தவர். பிறகு மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் 22 ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர். தன்னிடம் வருபவனின் உடம்பை முழுதாகக் கேட்டு வாங்கிக்கொள்கிற ஒரு தொழிலில், அந்த உடம்பைத் தன் வசமே வைத்துக்கொண்ட மனிதர் என்று அவரைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அவர் வாழ்ந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

சிலைக்கூடத்தில் வெளிச்சம் குறைவு. வரிசை வரிசையாக வெண்கல முகங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு விளக்கு. 1988-ஆம் ஆண்டு வரிசையில் அவர் இருக்கிறார். தலையும் தோளும் மட்டும்தான் வார்த்திருக்கிறார்கள், எல்லோருக்கும் அப்படித்தான். எனக்கு அதில் ஒரு குறை. முன்வரிசை வீரனின் வேலையைச் செய்வது கைகள். எதிராளியின் தோளைப் பிடித்துத் திருப்புவதும், அவன் கையைத் தட்டிவிடுவதும், உதைத்த பந்தின் குறுக்கே எழுவதும் கைதான். பேஜின் சுண்டுவிரல் ஆட்டங்களில் திரும்பத் திரும்ப மூட்டு விலகி, கடைசியில் உள்ளங்கைக்குச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதை அவர் சரிசெய்துகொள்ளவும் இல்லை. நீதிபதியின் கறுப்பு அங்கியோடு எடுத்த படங்களிலும் அந்த விரல் தனியே ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடங்களுக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தானாம். மகளோடு சேர்ந்து அந்த விரலைக் கதாநாயகனாக வைத்துச் சிறுவர் புத்தகமே எழுதியிருக்கிறார். வெண்கலத்தில் அந்த விரல் இல்லை.

பேஜ் பிறந்தது இதே கேன்டனில், 1945 ஆகஸ்ட் 7 அன்று. அப்பா மதுக்கூடம் நடத்தினார். அம்மா ஒரு கிளப்பில் உடை மாற்றும் அறையைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். இரண்டு பேருக்கும் பிள்ளைகளின் படிப்புதான் பெரிது. ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எஃகு ஆலை. பையன்கள் பள்ளி முடித்ததும் போய்ச் சேரும் இடம் அது. நாள் முழுக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற அந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று சிறு வயதிலேயே தோன்றிவிட்டதாகப் பேஜ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்புச் சொன்னபோது அவருக்கு வயது எட்டு. சட்டத்தால் ஒன்றை மாற்ற முடியும் என்ற நினைப்பு அவருக்குள் விழுந்தது அந்த வயதில்தான். பந்து அதற்குப் பிறகு வந்தது.

இந்த மண்டபத்தைக் கட்டும் வேலை நடந்தபோது பேஜ் பள்ளி மாணவர். கட்டுமானக் குழுவில் கூலிவேலை பார்த்தார். கால் நூற்றாண்டு கழித்து அதே கட்டடத்துக்குள் அவருடைய சிலையை வைத்தார்கள். அந்த விழாவில் ஒவ்வொரு வீரரும் தன்னை அறிமுகம் செய்து வைக்க ஒருவரை அழைத்து வரலாம். பெரும்பாலும் பழைய பயிற்சியாளர் வருவார். பேஜ் அழைத்து வந்தது மினியாபொலிஸ் நகரத்து அரசுப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை வில்லரீன் பீஸ்லியை. மேடையில் ஆட்டத்தைப் பற்றிப் பேசியதைவிடப் படிப்பைப் பற்றியே அதிகம் பேசினார். அணிக் கூட்டத்தில் ஆட்டத் திட்டப் புத்தகத்தை உரக்க வாசிக்கச் சொன்னபோது, கல்லூரி வழியாக வந்திருந்த சக வீரர்கள் சிலர் வாசிக்கத் தெரியாமல் விழித்ததைப் பார்த்தவர் அவர். பந்து நன்றாக ஆடுகிறான் என்பதற்காக ஒவ்வொரு வகுப்பிலும் தேற்றி அனுப்பிவிட்ட பையன்கள். பேஜின் வாழ்க்கையில் பின்னால் வந்த பலவற்றுக்கும் வேர் அந்தக் கூட்ட அறையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேன்டனுக்கு இப்போது பயணிகள் ரயில் கிடையாது. பக்கத்தில் அலையன்ஸ் என்ற சிற்றூரில் ஏற வேண்டும். சிகாகோ வண்டி அங்கே வருவது நள்ளிரவு தாண்டி. ஆளில்லாத நடைமேடையில் என்னோடு காத்திருந்தவர்கள் மிகச் சிலர். விடிந்தபோது இண்டியானா. சவுத் பெண்டில் வண்டி நின்றது. நோட்ர டேம் பல்கலைக்கழகம் இந்த ஊரில்தான். 1963-ல் கேன்டனிலிருந்து பேஜ் வந்தது இங்கேதான். 1966-ல் தேசிய வாகையரான அணியில் இருந்தார். இறங்கிப் பார்க்க நேரமில்லை.

சிகாகோவில் வண்டி மாறி, 2024-ல் தொடங்கிய போரியாலிஸ் ரயிலில் வடக்கே திரும்பினேன். லக்ராஸ் தாண்டியதும் மிசிசிப்பி கூடவே வருகிறது. அக்டோபர் முதல் வாரம். கரையோரக் குன்றுகளில் மேப்பிள் இலைகள் சிவந்திருந்தன. எதிர் இருக்கையில் ஊதா நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊதா என்றால் பேஜ் ஆடிய மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் நிறம். ஆலன் பேஜ் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். “நீதிபதி பேஜையா சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். அந்த முதல் கேள்வியிலேயே எனக்குப் பயணத்தின் பாதி பலன் கிடைத்துவிட்டது. அவர் மனதில் முதலில் வந்தது நீதிபதி. ஆட்டக்காரர் அதற்குப் பிறகுதான். அக்டோபரில் நடக்கும் மினியாபொலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகர மாரத்தானில் ஓடுபவர்களுக்கு உற்சாகமூட்ட, பாதையோரம் நின்று பேஜ் பித்தளை டியூபா வாசிப்பார் என்பதையும் அவர்தான் முதலில் சொன்னார். உச்ச நீதிமன்ற நீதிபதி தெருவோரத்தில் ஆளுயர ஊதுகுழலைத் தோளில் சுமந்து நிற்பதை அந்த ஊரார் வழக்கமான காட்சியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செயின்ட் பால் நிலையத்தில் அக்கா மகன் வந்து அழைத்துப்போனான். “மாமா, நாளைக்கு மாலுக்குத்தானே போகணும்?” என்று கேட்டான். ஊரிலிருந்து வருகிறவர்களை எல்லாம் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார்களாம். எனக்கும் அங்கேதான் வேலை இருந்தது.

புளூமிங்டனில் இருக்கும் மால் ஆஃப் அமெரிக்கா, இடித்துப்போட்ட விளையாட்டரங்கத்தின் மேல் எழுந்த கட்டடம். 1961 முதல் 1981 வரை வைக்கிங்ஸ் அணி ஆடிய மெட்ரோபாலிடன் ஸ்டேடியம் நின்றது அந்த நிலத்தில்தான். மாலின் நடுவில் கூரைக்குக் கீழே ஒரு கேளிக்கைப் பூங்கா. ராட்டினங்களுக்கு நடுவே தரையில் ஐந்து மூலை கொண்ட உலோகத் தகடு ஒன்று பதித்திருக்கிறார்கள். அதே அரங்கத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டங்களில் மட்டையாளர் நின்ற இடம் அது. தூரத்துச் சுவரில், உயரத்தில், ஒரு சிவப்பு நாற்காலியை மாட்டி வைத்திருக்கிறார்கள். 1967-ல் பேஸ்பால் வீரர் ஹார்மன் கில்லிப்ரூ அடித்த பந்து போய் விழுந்த இருக்கையின் அடையாளம். கால்பந்துக்காரர்களுக்கு அப்படி ஓர் அடையாளம் அங்கே என் கண்ணில் படவில்லை. பேஜ் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டங்களை ஆடிய தரையில் ஒரு குழந்தை பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தது.

இப்போது இங்கே கூரையும் கதகதப்பும். அன்று திறந்த வெளி. 1970 ஜனவரி 4 அன்று கிளீவ்லாந்து அணியை 27-7 என்று வீழ்த்தி வைக்கிங்ஸ் என்.எஃப்.எல். பட்டம் வென்றபோது வெப்பநிலை பாரன்ஹீட்டில் 8, அதாவது செல்சியஸில் மைனஸ் 13. பயிற்சியாளர் பட் கிராண்ட் தன் ஆட்கள் நிற்கும் பக்கத்தில் சூடேற்றும் அடுப்பு வைக்க விடமாட்டார். குளிரைப் பொருட்படுத்தினால் ஆட்டத்தில் கவனம் போய்விடும் என்பது அவர் கட்சி. எதிர் அணிக்காரர்கள் அடுப்பைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். இவர்கள் வெறுமனே நிற்பார்கள்.

அந்தத் தரையில் முன்வரிசைக்காரன் செய்த வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு அணிகளும் ஒரு கோட்டுக்கு இரு பக்கமும் எதிரெதிராகக் குனிந்து நிற்கும். தாக்கும் அணிக்குப் பத்துக் கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. குவார்ட்டர்பேக் என்பவன் பந்தை வாங்கி எறிவான் அல்லது கைமாற்றுவான். அவனைக் காக்க ஐந்து கனத்த ஆட்கள் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவரை உடைத்து உள்ளே போய் அவனைத் தரையில் சாய்ப்பதுதான் தற்காப்பு முன்வரிசையின் வேலை. இருப்பது இரண்டு மூன்று விநாடி. கபடியில் பாடிக்கொண்டு வருகிறவனின் கால் எப்போது எழும் என்று பிடிப்பவர்கள் பார்த்திருப்பார்களே, அந்தப் பார்வைதான் இங்கேயும். ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் பந்தையே பார்க்க வேண்டும். பந்து அசைந்த அந்தக் கணத்தில் புறப்பட வேண்டும். ஒரு நொடி முந்தினால் தண்டனை. பிந்தினால் நூற்றிருபது கிலோ ஆள் மேலே விழுந்துவிடுவான். இதை ஓர் ஆட்டத்தில் அறுபது தடவை செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் மோதல் உண்டு. பந்து வேறு பக்கம் போனாலும் மோதல் உண்டு.

பேஜ் அந்த வேலைக்குச் சின்ன ஆள். ஆறடி நாலங்குலம், சுமார் 111 கிலோ. உள்பக்க இடத்தில் ஆடுகிறவர்கள் இன்னும் கனமாக இருப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் நிலையாக நிற்பதுதான் அவர்களிடம் எதிர்பார்ப்பது. பேஜ் நிற்கவில்லை, புகுந்தார். எதிராளி எழுந்து கை நீட்டுவதற்குள் அவனைத் தாண்டியிருப்பார். ஜிம் மார்ஷல், கார்ல் எல்லர், கேரி லார்சன், பேஜ் என்ற நால்வர் வரிசைக்கு ‘பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்’ என்று பேர் விழுந்தது. 1969 பருவத்தில் 14 ஆட்டங்களில் அந்தத் தற்காப்பு விட்டுக்கொடுத்தது 133 புள்ளிகள்தான். 1971-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தேர்வு செய்யும் சிறந்த ஆட்டக்காரர் விருது பேஜுக்கு. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் முறை. அதற்குப் பிறகு இன்றுவரை வாங்கிய தற்காப்பு ஆட்டக்காரர் 1986-ல் லாரன்ஸ் டெய்லர் ஒருவர்தான். ஆனால் குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கும் ‘சாக்’ கணக்கை என்.எஃப்.எல். அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது 1982-ல். பேஜ் ஓய்வு பெற்றது 1981-ல். பழைய ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள் அவருக்கு 148.5 என்று எண்ணியிருக்கிறார்கள். அதிகாரபூர்வப் பட்டியலில் அதற்கு இடமில்லை. வைக்கிங்ஸ் அவர் காலத்தில் நான்கு முறை பருவத்தின் உச்சப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போய், நான்கிலும் தோற்றது.

மினியாபொலிஸ் நகரத்துக்குள் ஏரிகள் கோர்த்தாற்போலக் கிடக்கின்றன. ப்டே மகா ஸ்கா, லேக் ஆஃப் தி ஐல்ஸ், ஹாரியட். கரையைச் சுற்றி நடைபாதை. காலையில் போனால் வயதானவர்கள், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓடும் தாய்மார்கள், எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பேஜ் தன் ஆட்டவாழ்வின் பிற்பகுதியில் தொலைதூர ஓட்டத்தைப் பழகியது இந்த நகரத்தில்தான். மனைவி டயேன் புகைப்பழக்கத்தை விட ஓடத் தொடங்கினார். கணவரும் கூடவே போனார். ஓட்டம் பிடித்துப்போயிற்று. எடை குறைய ஆரம்பித்தது. 102 கிலோ, அதற்கும் கீழே.

அங்கேதான் சிக்கல். முன்வரிசைக்காரன் எடை போட வேண்டும். அணி கேட்பது அதுதான். பயிற்சியாளர் கேட்பதும், எதிரே நிற்கும் கனத்த ஆள் கேட்பதும் அதுதான். ஆட்டம் முடிந்து ஐம்பது வயதில் முழங்காலும் இதயமும் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் வராது. பேஜ் தன் கணக்கைப் பார்த்தார். இந்த எடையிலும் என்னால் ஆட முடியும் என்றார். 1978 பருவத்தின் நடுவில் வைக்கிங்ஸ் அவரை விலக்கியது. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் அணியின் அச்சாக இருந்தவரைச் சிகாகோ பேர்ஸ் நூறு டாலர் கட்டணத்துக்கு எடுத்துக்கொண்டது. பட் கிராண்ட் பெரிய பயிற்சியாளர், அதில் ஐயமில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது தவறு என்பதற்குச் சிகாகோவில் பேஜ் ஆடிய ஆட்டமே சாட்சி. மெலிந்த உடம்போடு இன்னும் மூன்று பருவங்களுக்கு மேல் ஒரு வாரம்கூடத் தவறாமல் ஆடினார். இரண்டு அணிகளிலும் சேர்த்துத் தொடர்ச்சியாக 218 ஆட்டங்கள். 1979-ல் மாரத்தான் ஓடி முடித்தார், ஆடிக்கொண்டிருக்கும் என்.எஃப்.எல். வீரர் ஒருவர் முழு மாரத்தானை முடித்தது அதுவே முதல் தடவை. வீரர்கள் சங்கத்தின் கணக்குப்படி இந்தத் தொழிலில் ஒருவரின் சராசரி ஆயுள் மூன்று ஆண்டு சொச்சம். பேஜ் ஆடியது பதினைந்து ஆண்டு. கடைசியாக ஆடியது 1981 டிசம்பர் 20 அன்று. புளூமிங்டன் அரங்கத்தில் வைக்கிங்ஸ் ஆடிய கடைசி ஆட்டமும் அதே நாள்தான்.

சட்டப் படிப்பு இதற்குள்ளேயே நடந்தது. ஒரு முறை சேர்ந்து சில வாரங்களில் விட்டுவிட்டார். பிறகு 1975-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1978-ல் பட்டம் வாங்கினார். ஆட்டப் பருவமும் கல்லூரிப் பருவமும் ஒரே மாதங்களில் வருகிறவை. ஞாயிற்றுக்கிழமை அறுபது மோதல்; வாரநாளில் ஒப்பந்தச் சட்டம். அந்த ஆண்டுகளில் வீரர்கள் சங்கத்தில் அணியின் பிரதிநிதியாகவும் இருந்தார். அணியை மாற்றிக்கொள்ளும் உரிமைக்காக வீரர்கள் தொடுத்த மேக்கி வழக்கு 1975-ல் விசாரணைக்கு வந்ததும் மினியாபொலிஸ் நகரத்து மத்திய நீதிமன்றத்தில்தான். தன் உழைப்புக்கும் உடம்புக்கும் யார் உடைமைக்காரர் என்ற கேள்வி ஆட்டக்களத்திலும் வகுப்பறையிலும் நீதிமன்றத்திலும் அவரைச் சுற்றியே இருந்தது.

எல்லோருக்கும் அப்படி முடியவில்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஃபிரெட் மெக்நீல் அதே வைக்கிங்ஸ் அணியில் 1974 முதல் 1985 வரை ஆடியவர். அவரும் ஆடும் காலத்திலேயே சட்டம் படித்தார், நன்றாகப் படித்தார், வழக்கறிஞராக உயர்ந்தார். நாற்பதுகளில் நினைவு தடுமாறத் தொடங்கியது. வேலை போயிற்று, வீடு போயிற்று. 2015-ல் இறந்தார். திரும்பத் திரும்பத் தலையில் படும் அடியால் வரும் மூளைச் சிதைவு, சி.டி.இ., அவருக்கு இருந்தது மூளையை ஆராய்ந்தபோது உறுதியானது. ஒரே சீருடை, ஒரே ஊர், ஒரே படிப்பு. பேஜின் கதையை முயற்சிக்குக் கிடைத்த பரிசாக மட்டும் சொல்கிறவர்கள் மெக்நீலையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். முயற்சியில் அவர் குறைந்தவர் அல்ல.

நகரின் நடுவே வைக்கிங்ஸின் இப்போதைய அரங்கம், 2016-ல் திறந்தது, கப்பலின் முகப்பு போலக் கூர்ந்து நிற்கிறது. அங்கிருந்து பச்சைத் தடத்து ரயிலில் ஏறினால் ஆற்றைக் கடந்து செயின்ட் பால் தலைமைச் செயலக மாளிகைக்குப் போய்விடலாம். கட்டடக் கலைஞர் கேஸ் கில்பர்ட் வடிவமைத்த வெண்சலவைக்கல் மாளிகை. குவிமாடத்துக்குக் கீழே தங்கம் பூசிய நான்கு குதிரைகள். உச்ச நீதிமன்றக் கூடம் ஒன்று மாளிகைக்குள்ளேயே இருக்கிறது; பக்கத்திலேயே நீதித்துறைக் கட்டடம். ஏழு நாற்காலிகள்.

அந்த ஏழில் ஒன்றைப் பிடிக்கப் பேஜ் வழக்குப் போட வேண்டியிருந்தது. மினசோட்டாவில் நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் ஒருவர் பதவிக்காலத்தின் நடுவில் விலகுவார், ஆளுநர் இன்னொருவரை நியமிப்பார், தேர்தலில் அவரை எதிர்க்க யாரும் வரமாட்டார்கள். 1992-ல் பேஜ் போட்டியிட முன்வந்தபோது, அந்த இடத்தில் இருந்த நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் ஆர்னி கார்ல்சன் நீட்டித்தார். தேர்தல் இல்லாமல் போயிற்று. பேஜ் நீதிமன்றத்துக்குப் போனார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தங்கள் சக நீதிபதியின் விஷயம் என்று ஒதுங்கிக்கொள்ள, தனியாக அமைத்த அமர்வு பேஜுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் நடந்தது, வென்றார். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர். மூன்று முறை மீண்டும் தேர்வானார்.

2008-ல் நார்ம் கோல்மனுக்கும் ஆல் ஃபிராங்கனுக்கும் நடந்த செனட் தேர்தல் சில நூறு வாக்குகளில் தொங்கியபோது, தலைமை நீதிபதியும் இன்னொருவரும் மறு எண்ணிக்கைக் குழுவில் இருந்ததால் விலகிக்கொண்டார்கள். மூத்தவர் என்ற முறையில் விசாரணை அமர்வின் மூன்று நீதிபதிகளை நியமித்தவர் பேஜ்; மேல்முறையீட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 2009 ஜூன் 30 அன்று ஐந்து பேரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். வித்தியாசம் 312 வாக்கு. நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த வழக்கு அது. தோற்ற தரப்பு அன்றே ஒத்துக்கொண்டு ஒதுங்கியது.

கடைசியாக நான் போன இடம் தெற்கு மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளி. வேலை நாள், உள்ளே போகக் கேட்பது முறையில்லை. வெளியே நடைபாதையில் நின்று பார்த்தேன். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள், முதுகில் பை, சோமாலி வீட்டுப் பெண்கள் தலையில் துணி கட்டியிருந்தார்கள். முகப்பில் ‘ஜஸ்டிஸ் பேஜ்’ என்ற பெயர். முன்பு இது மாநிலத்தின் பழைய ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சியின் பெயரில் இருந்தது. 1862-ல் டகோட்டா மக்களோடு நடந்த போரின்போது அவர்களை ஒழிக்க வேண்டும், அல்லது எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும் என்று சொன்னவர் ராம்சி. அந்த வரலாற்றைப் படித்த மாணவர்கள் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். புதுப் பெயரையும் அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2017-ல் மாற்றம் வந்தது.

1988-ல் ஆலனும் டயேனும் தொடங்கிய அறக்கட்டளை மினசோட்டாவின் சிறுபான்மை இன மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை தருகிறது. இதுவரை வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு நிபந்தனை உண்டு: பணம் வாங்குகிற மாணவர், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பில் உதவ வேண்டும். பல அறக்கட்டளைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். நிபந்தனையே உதவியின் பெரிய பாதியாக இருப்பது இதில்தான். கூட்ட அறையில் வாசிக்கத் தெரியாமல் விழித்த அந்த வீரர்களுக்குச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார ஒருவர் இருந்திருந்தால் என்ற நினைப்பு இல்லாமல் இப்படி ஒரு விதி எழுதியிருக்க முடியாது. டயேன் 2018-ல் காலமானார். பேஜ் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 2020-ல், மினியாபொலிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் தலைவர் நீல் காஷ்காரியோடு சேர்ந்து, தரமான பொதுக்கல்வியைக் குழந்தையின் அடிப்படை உரிமையாக மாநில அரசியல் சட்டத்தில் எழுத வேண்டும் என்று திருத்தம் முன்மொழிந்தார்.

மினசோட்டாவில் நீதிபதிகள் 70 வயதில் விலக வேண்டும். பேஜ் 2015 ஆகஸ்டில் விலகினார். அவர் அணிந்த 88-ஆம் எண்ணை வைக்கிங்ஸ் இனி எந்த ஆட்டக்காரருக்கும் தருவதில்லை. நீதிமன்றத்தில் அவர் விட்ட இடத்துக்கு நேட்டலி ஹட்சன் வந்தார். 2023 அக்டோபரில் அவர் மினசோட்டாவின் தலைமை நீதிபதி ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.